குழந்தைச் சட்டையின் பேப்பர் கட்டிங்: ஒரு சின்ன வரலாறு



தையலைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். போர்களும் ராஜாக்களும் இருக்கும்போது சட்டைக்கு என்ன வரலாறு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்க நம் வகுப்பிலேயே ஆள் இருக்கிறது :-) ஆனால் தையல் வகுப்புக்குப் போகும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். முதலில் பிரவுன் பேப்பரில் ஓர் அடிப்படை அளவை வரைந்து வெட்டச் சொல்வார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை ஒன்று. இந்த மூன்று காகிதத் துண்டுகளை வைத்துக்கொண்டு கழுத்தை மாற்றலாம், நீளத்தைக் கூட்டலாம், சுருக்கு வைக்கலாம். ஒரே காகிதத்திலிருந்து எத்தனை விதமான சட்டை வேண்டுமானாலும் பிறக்கும். இதற்குப் பெயர்தான் பேப்பர் கட்டிங்.

இவ்வளவு சாதாரணமான இந்தக் காகிதம் ஒரு காலத்தில் தையல்காரர்களின் தொழில் ரகசியம். அது வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவின் கைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆனது. அது வந்து சேர்ந்த ஒவ்வொரு படியிலும் ஒரு குழந்தையின் உடை இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கடைசியில், ஓர் அடிப்படைக் காகிதத்தைக் குழந்தையின் மேல்சட்டையாக மாற்றுவது எப்படி என்பதும் இருக்கிறது.

சதுரமும் செவ்வகமும்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பீட்ரி அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு லினன் சட்டை இருக்கிறது. எகிப்தில் தார்க்கான் என்ற இடத்தில் 1913-ல் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி தோண்டி எடுத்த அழுக்குத் துணிக் குவியலுக்குள் அது கிடந்தது. உள்ளே ஒரு சட்டை இருப்பது 1977-ல், அந்தக் குவியலைச் சுத்தம் செய்தபோதுதான் தெரிந்தது. 2016-ல் வெளியான கார்பன் ஆய்வு அதன் காலத்தை கி.மு. 3482-க்கும் கி.மு. 3102-க்கும் இடைப்பட்டது என்று சொன்னது. நெய்து தைத்த உடைகளில் உலகில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது இதுதான்.

அதன் அளவைப் பார்த்தால், அணிந்தவர் வளரும் வயதுப் பிள்ளையாகவோ மெலிந்த பெண்ணாகவோ இருக்க வேண்டும். முழங்கையிலும் அக்குளிலும் மடிப்பு விழுந்திருக்கிறது. அதாவது, யாரோ உண்மையில் போட்டுப் புழங்கிய சட்டை! தோளில் ஒரு யோக், அதில் நெருக்கமான மடிப்புகள், வி வடிவக் கழுத்து. இன்று ரெடிமேடு கடையில் தொங்கும் குழந்தைகளின் யோக் வைத்த டாப்ஸும் அதுவும் தூரத்துச் சொந்தம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு உலகின் பல பகுதிகளில் சாதாரண மக்களின் சட்டை சதுரங்களாலும் செவ்வகங்களாலுமே ஆனது. ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டு வரை உள்சட்டைகளை இப்படித்தான் தைத்தார்கள். உடலுக்கு ஒரு செவ்வகம், கைகளுக்கு இரண்டு, கையைத் தூக்கும்போது இழுக்காமல் இருக்க அக்குளில் ஒரு சின்ன சதுரத் துண்டு. காரணம் எளிது. கையால் நூற்றுக் கையால் நெய்த துணிக்கு விலை அதிகம். வளைத்து வெட்டினால் ஓரத் துண்டு வீணாகும். செவ்வகமாக வெட்டினால் ஒரு விரல் அகலம்கூட வீணாகாது. குழந்தைக்கு என்றால் அதே செவ்வகங்களைச் சின்னதாக வெட்டினால் போதும். காகிதமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

தையல்காரரின் ரகசியம்

உடலை ஒட்டிய உடைகள் ஐரோப்பாவில் 14-ம் நூற்றாண்டில் பரவியபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. கை உருட்டுக்கு, அதாவது ஆர்ம்ஹோலுக்கு, வளைவு வேண்டும். தோளுக்குச் சரிவு வேண்டும். இந்த வளைவுகளை எங்கே, எவ்வளவு வெட்டுவது என்பது தெரிந்தவர் தையல்காரர். அது தெரியாதவர் அவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

1580-ல் மாட்ரிட் நகரில் ஹுவான் தே அல்செகா என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். துணியின் மேல் எந்தத் துண்டை எங்கே வைத்து வெட்டினால் துணி மிச்சமாகும் என்பதைப் படம் போட்டுக் காட்டிய புத்தகம். ஆனால் அது ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கானது. படத்தைப் பார்த்து ஒரு வீட்டுப் பெண் சட்டை வெட்டிவிட முடியாது.

அளவு எடுக்கும் விதமும் ரகசியம் போலத்தான் இருந்தது. எண்கள் போட்ட இஞ்ச் டேப் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலானது. அதற்கு முன்பு தையல்காரர் ஒரு நீளமான காகிதப் பட்டையை எடுத்து, மார்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று அதன் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டுக்கொள்வார். ஆளுக்கு ஒரு பட்டை. எந்த வெட்டு எதைக் குறிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்!

இந்த மதில் சுவரில் முதல் வாசல் திறந்தது பாரிஸில். 1675-ல் பதினான்காம் லூயி மன்னர் தையல் பெண்களுக்கென்று தனியாக ஒரு தொழிற்சங்கம் அமைக்க அனுமதி கொடுத்தார். அதுவரை உரிமை ஆண் தையல்காரர்களிடம் இருந்தது. புதிய சங்கத்துப் பெண்கள் யாருக்கெல்லாம் தைக்கலாம்? பெண்களுக்கும், குழந்தைகளுக்கும். பையன்கள் என்றால் எட்டு வயது வரை மட்டும். வளர்ந்த ஆணின் கோட்டைத் தொடக்கூடாது. எலும்பு வைத்து இறுக்கும் மேல்கச்சையும் ஆண்களிடமே இருந்தது. அன்றைய கணக்கில் குழந்தைச் சட்டை சின்ன வேலை, மதிப்புக் குறைந்த வேலை. அந்தச் சின்ன வேலையின் வழியாகத்தான் பெண்கள் தொழிலுக்குள் சட்டப்படி நுழைந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்காக வந்த புத்தகங்கள்

அடுத்த படி இங்கிலாந்தில். 1789-ல் லண்டனில் ஏழைகளுக்கு உடை வெட்டுவது எப்படி என்று விளக்கும் ஒரு புத்தகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளை நடத்திய பெண்கள் அங்கே படித்த பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுக்க உதவுவதே அதன் முக்கிய நோக்கம். 1838-ல் 'தி வொர்க்வுமன்ஸ் கைடு' வந்தது. எழுதியவர் தன் பெயரைப் போடாமல் 'ஒரு பெண்மணி' என்று மட்டும் போட்டுக்கொண்டார். பச்சைக் குழந்தையின் சட்டையிலிருந்து பெரியவர்களின் உடை வரை படங்களோடு விளக்கிய புத்தகம் அது.

அதில் அளவுகள் 'நெயில்' கணக்கில் இருக்கும். ஒரு கெஜத்தை நான்காக மடித்து, அதை மறுபடி நான்காக மடித்தால் பதினாறில் ஒரு பங்கு. அதுதான் ஒரு நெயில், அதாவது இரண்டேகால் அங்குலம். இஞ்ச் டேப் கையில் இல்லாதவரும் துணியை மடித்தே அளந்துவிடலாம். நல்ல யோசனை, இல்லையா?

பட்டரிக் தம்பதியும் ஒரு கட்டம் போட்ட துணியும்

இப்போது அமெரிக்கா. 1851-ல் சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1850-களிலேயே தவணை முறையில் மெஷின் விற்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு மெஷின் வந்துவிட்டது, தைப்பது வேகமாகிவிட்டது. வெட்டத்தான் தெரியவில்லை!

பத்திரிகைகள் இதைப் புரிந்துகொண்டு உடை மாதிரிகளை அச்சிட்டன. நியூயார்க்கில் எலன் டெமரெஸ்ட் என்ற பெண்மணி 1860-ல் ஒரு ஃபேஷன் பத்திரிகை தொடங்கி, மெல்லிய காகித மாதிரிகளை அதோடு சேர்த்துக் கொடுத்தார். பெரிய வரவேற்பு. ஆனால் இந்த மாதிரிகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வந்தன. உங்கள் உடம்புக்கு ஏற்ப நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்கு இது தொந்தரவு. குழந்தைகளுக்கோ இது உதவவே உதவாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36 அங்குல மார்புச் சுற்று உள்ள பெரியவரின் சட்டைக் காகிதத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, நான்கு வயதுக் குழந்தைக்கு வேண்டிய 22 அங்குலத்துக்குச் சுருக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே சுமார் 61 சதவீதமாகச் சுருங்கும். 14 அங்குலக் கழுத்து எட்டரை அங்குலமாகிவிடும். ஆனால் அந்தக் குழந்தையின் கழுத்துச் சுற்று சுமார் 11 அங்குலம்! குழந்தைக்கு மூச்சு முட்டும். குழந்தை என்பது சுருக்கிய பெரியவர் அல்ல. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலைதான். வளர்ந்தவருக்கு ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ. நடுவில் ஒவ்வொரு வருடமும் இந்த விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊர். அங்கே எபனேசர் பட்டரிக் என்று ஒரு தையல்காரர், 1826-ல் பிறந்தவர். அவர் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் சொல்லிவந்த கதை இது. அவர் மனைவி எலன் தங்கள் மகனுக்காக ஒரு கட்டம் போட்ட துணியை மேஜையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த மாதிரி ஒரே அளவு. மகனுக்கு ஏற்ப மாற்ற முடியாமல், பல அளவுகளில் மாதிரி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கணவரிடம் சொன்னாராம்.

கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், நடந்தது உறுதி. 1863-ல் பட்டரிக் வெவ்வேறு அளவுகளில் வெட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கினார். முதலில் கெட்டி அட்டையில் வெட்டிப் பார்த்தார்கள். மடித்துத் தபாலில் அனுப்ப முடியவில்லை. மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார்கள். வீட்டார் அனைவரும் உட்கார்ந்து மடித்தார்கள். ஆண்களின் சட்டையில் தொடங்கி உடனே பையன்களின் உடைக்குப் போனார்கள். அதில் சக்கைப்போடு போட்டது கரிபால்டி சூட்! 1860-ல் ஆயிரம் தொண்டர்களோடு சிசிலியில் இறங்கிய இத்தாலிய வீரர் கரிபால்டியின் பெயரில் வந்த உடை அது. அவர் அளவுக்கு அன்று புகழ் பெற்றவர்கள் குறைவு. இன்றைக்கு சூப்பர்மேன் படம் போட்ட பனியன் எப்படியோ, அன்றைக்கு அது அப்படி.

பெண்களுக்கான மாதிரிகள் 1866-ல்தான் வந்தன. ஆக, இன்று உலகம் முழுவதும் நடக்கும் பேட்டர்ன் வியாபாரம் தன் ஆரம்ப வருடங்களில் குழந்தைகளின் துணியைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகியிருக்கிறது.

ஓட்டைகளின் மொழி

அந்தக் காலத்து டிஷ்யூ மாதிரியைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். கோடே இருக்காது! வெறும் வெள்ளைக் காகிதம், அங்கங்கே ஓட்டைகள், ஓரத்தில் சின்ன வெட்டுகள். எந்த ஓட்டை மடிப்பைக் குறிக்கிறது, எது துணியின் நேர் இழையைக் காட்டுகிறது என்பதை உறையில் இருக்கும் குறிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத்திலேயே கோடுகளையும் எழுத்துகளையும் அச்சிடும் முறை முதல் உலகப்போர் முடிந்த பிறகுதான் பரவியது.

ஜெர்மனியில் ஏன்னா புர்டா என்ற பெண்மணி 1950-ல் தொடங்கிய பத்திரிகையில் பல உடைகளின் கோடுகளை ஒரே பெரிய தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். ரயில்வே வரைபடம் மாதிரி இருக்கும். வேண்டிய கோட்டை மட்டும் வேறு காகிதத்தில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். 1987-ல் அந்தப் பத்திரிகை ரஷ்ய மொழியில் சோவியத் யூனியனுக்குள்ளும் போனது.

வயதா, உயரமா?

குழந்தைத் துணி வாங்கும் எல்லோரும் வயதைச் சொல்லித்தான் கேட்கிறோம். "நாலு வயசுக்கு ஒண்ணு எடுங்க." ஆனால் நாலு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அளவா?

இந்தக் கேள்வியை அமெரிக்க விவசாயத் துறை எடுத்துக்கொண்டது. (ஆமாம், விவசாயத் துறைதான். அன்று வீட்டு நிர்வாகம் பற்றிய ஆய்வுகளும் அந்தத் துறையின் கீழ்தான் நடந்தன.) 1937 முதல் 1939 வரை, ரூத் ஓ'பிரையன் என்ற ஆய்வாளரின் தலைமையில் சுமார் 1,47,000 சிறுவர் சிறுமியரை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 36 அளவுகள். வயது என்பது துணிக்கு மோசமான வழிகாட்டி என்றும், உயரத்தோடு உடலின் பருமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் முடிவு வந்தது. இன்று ஐரோப்பாவில் குழந்தைத் துணிகளில் 98, 104, 110 என்று இருக்கும் எண்கள் சென்டிமீட்டரில் குழந்தையின் உயரம். நாம் மட்டும் இன்னும் வயதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாவு மூட்டையும் கூப்பனும்

காகித மாதிரி கைக்கு வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பஞ்ச காலத்தில் தெரிந்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கக் கிராமங்களில் மாவும் கோழித் தீவனமும் வந்த பருத்தி மூட்டைகளைப் பிரித்துத் துணி தைத்தார்கள். 100 பவுண்டு மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்கும் சற்று அதிகமான துணி கிடைக்கும். ஒரு பெண்ணின் கவுனுக்கு மூன்று மூட்டை வேண்டும். குழந்தையின் சட்டைக்கு ஒன்றே போதும். கம்பெனிகள் இதைப் பார்த்துவிட்டு, பூப்போட்ட துணியிலேயே மூட்டை தைத்து அனுப்ப ஆரம்பித்தன. வியாபாரத்துக்கு வியாபாரம், புண்ணியத்துக்குப் புண்ணியம்!

பிரிட்டனில் இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. பெரியவருக்கு முதல் வருடம் 66 கூப்பன். குழந்தை வளர்வதற்குக் கூப்பன் காத்திருக்குமா? அரசாங்கமே 1943-ல் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்ற கையேட்டை வெளியிட்டது. இருப்பதைப் பழுது பார், மாற்றித் தை என்பதுதான் அதன் பாடம். பெண்கள் தன்னார்வ சேவை அமைப்பு, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன உடையைக் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கிப்போகும் மையங்களை நடத்தியது. துணி ரேஷன் 1949-ல்தான் முடிந்தது.

சரி, எப்படி மாற்றுவது?

இப்போது கையில் நான்கு வயதுக் குழந்தைக்கான அடிப்படை பேப்பர் கட்டிங் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்று 22 அங்குலம். அசைவதற்கு 4 அங்குலம் தளர்வு. மொத்தம் 26. நாலில் ஒரு பங்கு ஆறரை. இதோடு தையலுக்கு விடும் துணி தனி.

விதி ஒன்றே ஒன்று. தோளையும் கை உருட்டையும் தொடாதீர்கள். அக்குளுக்குக் கீழே எப்படி வேண்டுமானாலும் விளையாடுங்கள். கை உருட்டை மாற்றினால் கையும் மாற வேண்டும், அப்புறம் வேலை இரட்டிப்பு.

1. குழந்தைக்கு இடுப்பு கிடையாது, தொப்பைதான் உண்டு. ஆகவே டார்ட் வேண்டாம். அக்குளிலிருந்து கீழே வரும் பக்கக் கோட்டை, அடியில் ஒன்றரை அங்குலம் வெளியே தள்ளி வரையுங்கள். தொப்பை முன்னால் தள்ளுவதால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்பக்க நீளத்தை நடுவில் அரை அங்குலம் கூட்டிவிடுங்கள்.

2. சுருக்கு வைத்த டாப்ஸ் வேண்டுமா? கை உருட்டின் நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காகிதத்தை இரண்டாக வெட்டுங்கள். மேல்துண்டு யோக். கீழ்த்துண்டின் நடுப்பகுதியில் துணியை ஒன்றரை மடங்கு அகலமாக்கிச் சுருக்கி யோக்கோடு சேருங்கள். வெட்டிய இரண்டு ஓரங்களிலும் தையலுக்குத் துணி விட மறக்க வேண்டாம்.

3. கழுத்துதான் முக்கியம். கழுத்துச் சுற்று 11 அங்குலம், தலைச் சுற்று 20 அங்குலம். நீளாத துணியில் கழுத்தை அப்படியே விட்டால் தலை நுழையாது. பின்னால் நடுவில் 5 அங்குலம் திறப்பு வைத்து ஒரு பட்டன் போடுங்கள். கைக்குழந்தைகளின் பனியனில் தோள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். கழுத்தில் நாடா வைத்துக் கட்டும் யோசனை மட்டும் வேண்டாம். எங்காவது மாட்டி இழுத்தால் ஆபத்து. பிரிட்டன் 1976-லேயே குழந்தைகளின் கோட்டுத் தொப்பியில் நாடா வைப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது.

4. வளர்த்திக்கு இடம் விடுங்கள். அடியில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். 19-ம் நூற்றாண்டு ஐரோப்பியக் குழந்தை உடைகளில் கீழே வரிவரியாக இருக்கும் மடிப்புகள் அலங்காரமாகத் தெரியும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து விடலாம். நம்மூர் பட்டுப் பாவாடையின் மடிப்பும் அதே சூத்திரம்தான். தீபாவளிக்கு ஒரு மடிப்பு, அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று!

முடிவாக...

1580-ல் அல்செகா வரைந்த படம் துணியைக் காப்பாற்றப் பிறந்தது. 1863-ல் பட்டரிக் மடித்த காகிதம் ஓர் அம்மாவின் நேரத்தைக் காப்பாற்றப் பிறந்தது. இரண்டுக்கும் நடுவே, "இது எங்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை" என்ற சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்திருக்கிறது. ஆனாலும் எந்தக் கம்பெனி எத்தனை அளவில் அச்சிட்டாலும், குறிப்பிட்ட ஒரு குழந்தையின் தொப்பைக்கும் தோளுக்கும் அந்தக் காகிதம் அப்படியே பொருந்தாது. கடைசி அரை அங்குலத்தை அந்தக் குழந்தையைத் தெரிந்த ஒருவர் பென்சிலால் திருத்தித்தான் ஆக வேண்டும். அவர்கள் பெயர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் திருத்திய காகிதங்கள் மட்டும் பல வீட்டுப் பரண்களில் பழைய செய்தித்தாளோடு மடிந்து கிடக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் பென்சிலால் எழுதியிருக்கும் எண்கள் யாருடைய அளவு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அநேகமாக உங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்த கட்டுரையில் வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம்.